பிணிப் படுக்கையும் பிள்ளைச் சிரிப்பும்

கொடிய நோயினால் பீடிக்கப்பட்ட ஒரு குழந்தையின் கட்டிலருகே நின்று ஹாஸ்யம் பேசுவது தகுமா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் தகாது என்றே முதலில் சொல்லுவோம். துக்கம் நேர்ந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவதும் முகத்தை இறுக்கிக்கொள்வதும் மரியாதை என்று தலைமுறை தலைமுறையாக நாம் பழகி வந்திருக்கிறோம். இதற்கு நேர் எதிரான மற்றொரு நம்பிக்கையும் நம்மிடையே இல்லாமல் இல்லை; வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்று சொல்லிக்கொண்டு, சிரிப்பை ஒரு சர்வரோக நிவாரணியாகவே கொண்டாடுவோர் அநேகர். முதற் கட்சியார் குழந்தையின் ஸ்வபாவத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் கட்சியார் நோயின் ஸ்வபாவத்தை மறந்துவிடுகிறார்கள். நோயுற்ற குழந்தைக்கு நகைச்சுவை செய்யக்கூடிய உதவி யாது, அவ்வுதவி எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் அது நின்றுவிடும் என்பவற்றைக் கடந்த ஏறக்குறைய எழுபது ஆண்டுகளின் அனுபவங்களையும் ஆராய்ச்சிகளையும் கொண்டு நிதானமாகப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் ஒரு குழந்தையிடமிருந்து எதை அபகரித்துக்கொள்கிறது என்பதை அறிந்தாலன்றி, நகைச்சுவை அதற்கு எதைத் திருப்பித் தரும் என்பது விளங்காது. உடல் வேதனை ஒருபுறம் இருக்க, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கணத்திலிருந்து குழந்தையின் சிறிய சுதந்திரங்கள் யாவும் ஒவ்வொன்றாக நீங்கிவிடுகின்றன. எப்பொழுது உண்பது, எப்பொழுது உறங்குவது, யார் தன்னைத் தொடலாம், எந்தக் கையில் ஊசி குத்தலாம் என்பவற்றுள் எதுவும் அதன் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு வரும் வகையில் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிப்பது சாதாரணம். தண்டுவடத்தில் ஊசி, தலைமயிர் உதிர்தல், வாய்ப்புண், பள்ளியும் தோழர்களும் இல்லாத நீண்ட பகற்பொழுதுகள் ஆகியவை ஒரு நான்கு வயதுக் குழந்தையின் நினைவு தெரிந்த வாழ்நாளில் ஒரு பெரும்பகுதியாகவே ஆகிவிடுகின்றன. அந்தப் பிராயத்துக் குழந்தைகளிற் பலர், தாங்கள் செய்த ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டனையாகவே நோய் வந்திருப்பதாக எண்ணி, அதை எவரிடமும் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்குவதும் உண்டு.

குழந்தையின் இந்த மனத்துயரை வைத்திய உலகம் கண்ணெடுத்துப் பார்க்கத் தொடங்கியது அவ்வளவு பழைய காலத்தில் அன்று. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் 1952ஆம் ஆண்டில், இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பெற்றோரைப் பிரிந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கழித்ததை அப்படியே படம் பிடித்து வைத்தியர்களுக்குக் காட்டினார். சமர்த்தாக இருக்கிறது, ஓசையின்றி இருக்கிறது என்று அதுகாறும் ஆஸ்பத்திரிகள் பாராட்டி வந்த குழந்தையின் மௌனம், உண்மையில் துயரத்தின் முதிர்ச்சியே என்பதை அந்தப் படம் பிரத்தியட்சமாகக் காட்டியது. வைத்தியர் பலர் சினங்கொண்டார்கள், எனினும் 1959இல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு அளிக்கப்பட்ட பிளாட் அறிக்கை, பெற்றோர் தங்கள் குழந்தைகளைத் தடையின்றி வந்து பார்க்க அனுமதிக்க வேண்டுமென்று வற்புறுத்தியது. ஆஸ்பத்திரியில் குழந்தை சிரிக்கலாம் என்ற எண்ணத்துக்கு முன்னால், அங்கே குழந்தை அழலாம் என்ற எண்ணம் அங்கீகாரம் பெற வேண்டியிருந்தது. இவ்வரிசை முறையை நாம் நினைவில் இருத்திக்கொள்வது நலம்.

குழந்தை எதற்குச் சிரிக்கும் என்பதும் பிராயத்துக்குப் பிராயம் மாறுபடுவது. பிறந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குரலெடுத்துச் சிரிக்கத் தொடங்கும் சிசு, சில மாதங்கள் கழிந்தபின், தாய் முகத்தைத் துணியால் மறைத்துத் திறந்து காட்டும்போது கலகலவென்று நகைக்கிறது. தாய் மறைந்தாள் என்ற அச்சமும், இதோ வந்துவிட்டாள் என்ற நிம்மதியும் அடுத்தடுத்து நேரும் அந்த விளையாட்டில், பயத்தைப் பத்திரமான எல்லைக்குள் வைத்து ருசிபார்க்கும் வித்தையைக் குழந்தை முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறது. குழந்தைகளின் நகைச்சுவை வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்துக் காட்டிய பால் மக்கீ என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞரின் நூல் 1979இல் வெளிவந்தது. இரண்டாம் வயதில் ஒரு பொருளை வேறொரு பொருளாகப் பாவித்துக் குழந்தை சிரிக்கிறது. செருப்பைக் காதில் வைத்துக்கொண்டு டெலிபோன் பேசும் பிள்ளையை எந்த வீட்டிலும் காணலாம். பின்னர், நாயைப் பூனை என்று வேண்டுமென்றே பெயர்மாற்றிச் சொல்லிச் சிரிக்கிறது. அதற்குப் பின் நாலு காலுள்ள கோழி, மரத்திலே காய்க்கும் சட்டை முதலிய அசம்பாவிதங்களைக் கற்பித்து மகிழ்கிறது. ஆறு ஏழு வயதில்தான் விடுகதையும் சிலேடையும் அதற்குப் பிடிபடுகின்றன. பெரியவர்களின் குத்தல் பேச்சு இன்னும் வெகு நாள் கழித்தே புரியும். ஆதலால், நான்கு வயதுக் குழந்தையினிடம் சிலேடை பேசுபவனும் பத்து வயதுச் சிறுவனிடம் முகத்தை மறைத்துக் காட்டுபவனும் ஒரே வகையான தவற்றைச் செய்கிறார்கள்.

நகைச்சுவையை வகைப்படுத்துவதில் நம் முன்னோர் எவ்வளவு நுட்பம் காட்டியிருக்கிறார்கள் என்பதை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. மெய்ப்பாடுகள் எட்டினையும் எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்து, நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்றார். பிறரை இகழும் எள்ளல் ஒன்று. மழலையும் பிள்ளைத்தனமுமாகிய இளமை ஒன்று. ஒன்றும் அறியாத பேதைமை ஒன்று. பிறர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாத மடன் ஒன்று. உரையாசிரியர் இவை தன்னிடத்துத் தோன்றுவதும் பிறனிடத்துத் தோன்றுவதும் உண்டென்று மேலும் பிரித்தனர். இந்தப் பாகுபாட்டை நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே கொண்டு வந்து வைத்தால், நெடுங்காலத்துக்குப் பின் மேல்நாட்டார் அனுபவத்தால் கண்டுகொண்ட ஓர் உண்மை தெளிவாகின்றது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அறிந்தவர்கள். குழந்தை ஒன்றே அறியாதது. அங்கே பேதைமையும் மடனும் பெரியவர் பக்கம் போய்விட்டால், அறிந்தவன் என்ற ஸ்தானம் தானாகவே குழந்தைக்கு வந்துவிடும். சுவரில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சுவருக்கு ஜுரம் என்று தீர்மானிக்கும் மூடனைப் பார்த்து, அப்படியல்ல, நெஞ்சில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் குழந்தை, அந்த நிமிஷத்தில் நோயாளியாக இல்லை, குருவாக இருக்கிறது.

இந்த மூடத்தனத்தை ஒரு தொழிற்கலையாகவே பயின்று ஆஸ்பத்திரிக்குள் கொண்டு சென்றவர்கள் சர்க்கஸ் கோமாளிகள். நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸை 1977இல் நிறுவிய இருவருள் ஒருவரான மைக்கேல் கிறிஸ்டென்ஸன், 1986ஆம் ஆண்டில் அந்நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில், வைத்தியர் வேஷமிட்ட கோமாளிகள் வாரந்தோறும் கட்டில் கட்டிலாகச் சென்று பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தார். அவருடைய சகோதரர் அதற்குச் சற்று முன்னர்தான் புற்றுநோயால் இறந்திருந்தார். சிவப்பு மூக்கு மாற்றும் சிகிச்சை, இரத்தத்துக்குப் பதிலாகச் சாக்லேட் பால் ஏற்றுதல் என்று இவ்விதமாக வைத்தியத்தையே கேலிக்கூத்தாக்கிய அந்த முறை விரைவில் கடல் கடந்தது. கரோலின் சைமண்ட்ஸ் பிரான்ஸிலும், வெலிங்டன் நொகெய்ரா பிரேஸிலிலும் 1991இல் இத்தகைய அமைப்புகளைத் தொடங்கினார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் சகோதரர் இருவர் தம் தாயின் பெயரால் தியோடோரா அறநிலையத்தை 1993இல் ஏற்படுத்தினர். இஸ்ரேலில் 2002 முதல் கோமாளிகள் வைத்தியக் குழுவின் அங்கத்தினராகவே சிகிச்சை அறைகளுக்குள் பணிபுரிந்து வருகின்றனர். இதே காலத்தில் பாட்ச் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் தாமே கோமாளி வேஷம் பூண்டு நோயாளிகளிடம் சென்றதும், அவரைப் பற்றி 1998இல் ஒரு திரைப்படம் வந்ததும் இவ்வெண்ணத்தைப் பாமர ஜனங்களிடையே பரப்பின.

இந்த ஆஸ்பத்திரிக் கோமாளிகள் வேலை செய்யும் விதத்தில் கவனிக்கத்தக்க விசேஷங்கள் சில உண்டு. பெரும்பாலும் இருவராகவே செல்கிறார்கள். கேலி செய்யவும் கேலிக்கு ஆளாகவும் ஒருவருக்கொருவர் இருப்பதால், குழந்தை விரும்பினால் மட்டும் சேர்ந்துகொள்ளலாம். விரும்பாவிட்டால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம். வார்டுக்குள் நுழையுமுன் நர்ஸிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிந்து, எந்தக் குழந்தைக்கு அன்று சத்திரசிகிச்சை, எந்தக் குழந்தைக்கு நோய்த்தொற்று அபாயம், எந்தக் குடும்பத்துக்கு அன்று கெட்ட செய்தி வந்திருக்கிறது என்பவற்றைத் தெரிந்துகொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாயிற்படியில் நின்று, உள்ளே வரலாமா என்று குழந்தையிடம் அனுமதி கேட்கிறார்கள். வரவேண்டாம் என்று குழந்தை சொன்னால் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஊசி போட வருபவரை வேண்டாமென்று தடுக்க முடியாத குழந்தைக்கு, வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய ஒரு வைத்தியன் கிடைப்பது சாமானியமான பாக்கியமன்று. கோமாளி திரும்பிப் போவதும் ஒரு சிகிச்சைதான் என்று இத்தொழிலில் தேர்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

இனி, இதனால் உண்டாகும் பயன் யாதென்று விஞ்ஞான முறைப்படி அளந்து பார்த்தவர்கள் கண்டதைப் பார்ப்போம். சிரிப்பின் மருத்துவ குணம் என்னும் பேச்சுக்கு நவீன காலத்தில் பெரும் உற்சாகமளித்தவர் நார்மன் கஸின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகாசிரியர். முதுகெலும்பைத் தாக்கும் கொடிய வியாதியில் விழுந்த அவர், ஹாஸ்யப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்ததென்று 1976இல் ஒரு பிரசித்தி பெற்ற வைத்தியப் பத்திரிகையிலும், 1979இல் ஒரு நூலிலும் எழுதினார். அது ஒரு மனிதரின் சாட்சியமேயாகையால், அதைக் கொண்டு ஒரு சாஸ்திரத்தை நிலைநாட்ட இயலாது. குழந்தைகளுக்கு அது பொருந்துமென்று கொள்ளவும் ஆதாரமில்லை. அமெரிக்காவில் 7 முதல் 16 வயது வரையுள்ள 18 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மிகக் குளிர்ந்த நீரில் கையை வைத்துக்கொண்டு ஹாஸ்யப் படம் பார்த்தபோது அவர்கள் கூடுதலான நேரம் வலியைப் பொறுத்திருந்தது தெரிந்தது. ஆனால், யார் எத்தனை முறை சிரித்தார்கள் என்பதற்கும், வலியை எவ்வளவு நேரம் தாங்கினார்கள் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. சிரிப்பு என்ற உடற்செயலைவிட, மனம் வேறொன்றில் ஈடுபட்டிருந்ததே உதவியிருக்கலாம் என்று ஊகிக்க இது இடம் தருகிறது.

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் மேயர் என்னும் பெயருடைய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நடந்து 2005இல் வெளியான சோதனை, இத்துறையில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது. சிறு சத்திரசிகிச்சைக்கு வந்த, 5 முதல் 12 வயது வரையுள்ள 40 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுக்கும் சமயத்தில் பெற்றோருடன் கோமாளிகளும் உடனிருக்குமாறு செய்தார்கள். கோமாளிகள் இருந்த குழந்தைகளிடம் அச்சம் தெளிவாகவே குறைந்திருந்தது. குழந்தைகளுக்கு இது நன்மை என்று ஒப்புக்கொண்ட வைத்தியர்களும் நர்ஸுகளும், ஆபரேஷன் அறையின் வேலை தடைப்படுகிறது என்று சொல்லி, இந்த ஏற்பாட்டைத் தொடர்வதற்குப் பெரும்பாலும் விரும்பவில்லை என்பதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இஸ்ரேலில் 3 முதல் 8 வயது வரையுள்ள 65 குழந்தைகளிடம் நடந்த மற்றொரு சோதனை, அமைதி தரும் மருந்து ஒன்றோடு கோமாளியை ஒப்பிட்டது. காத்திருக்கும் அறையில் கோமாளியே மருந்தை வென்றான். ஆபரேஷன் அறைக்குள் நுழைந்தபோது இருவரும் சமமாக நின்றனர். மயக்க வாயுவின் முகமூடியை முகத்தருகே கொண்டு வந்தவுடன் கோமாளியின் சக்தி முற்றும் நின்றுவிட்டது. நகைச்சுவையின் பலத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவதற்கு இதைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இத்தகைய 24 ஆய்வுகளையும், அவற்றில் பங்குகொண்ட 1,612 குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் ஒருசேர மதிப்பிட்ட ஒரு தொகுப்புரை 2020ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. அச்சம், வலி, மன உளைச்சல், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது நேரும் அயர்ச்சி ஆகியவற்றைத் தணிப்பதில் கோமாளிகளால் நன்மை உண்டு என்று அது கூறுகிறது. எனினும் கோமாளி வந்ததும் வராததும் குழந்தைக்கும் பார்ப்பவர்க்கும் வெளிப்படையாகத் தெரியுமாகையால், மருந்துகளைச் சோதிப்பது போல மறைத்துச் சோதிக்க இதில் வழியில்லை. ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. ஆகவே, அச்சத்தைத் தணிக்கும் என்று சற்று உறுதியாகவும், வலியைக் குறைக்கும் என்று சற்றுத் தயக்கத்தோடும் சொல்லலாம். நோயையே போக்கும் என்று சொல்லுவதற்கு யாதோர் ஆதாரமும் இல்லை. வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இன்று பிழைப்பது, மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் சத்திரசிகிச்சையும் உரிய காலத்தில் கிடைப்பதனால்தான்.

அப்படியானால் நோயைத் தீர்க்காத ஒன்றுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்ற கேள்வி எழும். அதற்கு விடை காணக் குழந்தை தானே செய்யும் ஹாஸ்யத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க மானிடவியலாளரான மைரா ப்ளூபாண்ட்-லாங்னர், இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த, 3 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளோடு நெருங்கிப் பழகி 1978இல் எழுதிய நூல், இத்துறையில் ஒரு திருப்புமுனை. பெரியவர்கள் எவ்வளவுதான் மறைத்தாலும் அக்குழந்தைகள் தங்கள் முடிவை அறிந்திருந்தார்கள் என்றும், அறிந்ததைப் பெற்றோரின் மனம் நோகாதபடி மறைத்து நடித்தார்கள் என்றும் அவர் நிலைநாட்டினார். இப்படி இருபக்கமும் நாடகமாடும் இடத்தில் பெரியவர்கள் கட்டாயமாக வரவழைத்துக்கொள்ளும் சிரிப்பு, அந்த நாடகத்துக்கு மேலும் ஒரு திரையாகவே அமையும். மாறாக, தன் உதிர்ந்த தலைமயிரைப் பற்றியோ, ஆஸ்பத்திரிச் சோற்றைப் பற்றியோ, தான் குணமடையாமற் போவதைப் பற்றியோ குழந்தை ஒரு வேடிக்கையைச் சொல்லும்போது, இதைப் பற்றிப் பேசலாமா என்று அது நம்மைச் சோதித்துப் பார்க்கிறது. அச்சமயத்தில் அபசகுனம் என்று வாயைப் பொத்துவோமாயின், அந்தக் கதவு அடைபட்டுவிடும். 1927இல் நகைச்சுவையைப் பற்றி எழுதிய மனோதத்துவ அறிஞர் பிராய்ட், அச்சமுற்ற மனத்தை அதனுள்ளேயே இருக்கும் பெற்றோர் போன்ற பகுதி தேற்றுவதே ஹாஸ்யத்தின் சாரம் என்று விளக்கினார். உள்ளிருந்து அவ்விதம் தேற்றுவோர் இன்னும் வலுப்பெறாத சிறு பிராயத்தில், வெளியிலிருக்கும் தாய்தந்தையரே அந்தக் குரலை இரவல் கொடுக்க வேண்டியவர்களாகிறார்கள்.

ஹாஸ்யம் ஆகாத இடங்களும் உண்டு. வலி தணிக்கப்படாமல் துடிக்கும் குழந்தைக்கு முதலில் வேண்டுவது வலி மருந்தே. முகமும் உருவமும் மாறிய அந்நியரைக் கண்டு அலறும் பிராயத்துச் சிசுக்களிடம் கோமாளி எட்டி நிற்பதே முறை. இங்கிலாந்தில் ஷெபீல்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 4 முதல் 16 வயது வரையுள்ள 250க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆஸ்பத்திரிச் சுவர்களை எப்படி அலங்கரிக்கலாம் என்று கேட்டபோது, கோமாளிப் படங்கள் எவருக்கும் பிடிக்கவில்லை என்ற செய்தி 2008இல் வெளிவந்தது. சுவரில் அசையாமல் இளித்துக்கொண்டிருக்கும் கோமாளி அனுமதி கேட்பதில்லை. போ என்றால் போவதுமில்லை. தொல்காப்பியர் கூறிய நான்கனுள் எள்ளல் என்பதைக் குழந்தையின் பக்கம் ஒருபோதும் திருப்பலாகாது என்பதும் நினைவிருக்க வேண்டும். தன் மொட்டைத் தலையைத் தான் கேலி செய்துகொள்ளக் குழந்தைக்கு உரிமையுண்டு, நமக்கு இல்லை.

தமிழ்நாட்டின் நிலைமைக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தால், நமக்குச் சில அனுகூலங்கள் இருப்பது தெரியும். நம் குழந்தைகள் வார்டுகளில் தாயோ பாட்டியோ கட்டிலருகே இரவு பகலாகக் கூட இருப்பது வழக்கம். ராபர்ட்ஸன் போராடிப் பெற வேண்டியிருந்தது இங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது. அரசனுக்கு எதிரிலேயே அரசனைக் கேலி செய்யும் கட்டியங்காரனைத் தெருக்கூத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு, வைத்தியருக்கு எதிரிலேயே வைத்தியத்தைக் கேலி செய்யும் கோமாளி புதியவனாகத் தோன்ற மாட்டான். சென்னையில் லிட்டில் தியேட்டர் என்னும் நாடகக் குழுவினர் ஆஸ்பத்திரிக் கோமாளிகளைப் பயிற்றுவித்துக் குழந்தைகளிடம் அனுப்பி வருகிறார்கள். எனினும் கோமாளி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்துச் சீசாவுக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் குழந்தையைக் கேட்கலாம். பொம்மைக்கு முதலில் ஊசி போடும் அதிகாரத்தை அதனிடம் கொடுக்கலாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் விடுகதை போட்டுத் தாமே தோற்றுப்போகலாம். தோற்பதில் கூச்சப்படாத தகப்பனும், தப்பாகச் சொல்லித் திருத்தப்படுவதில் மானக்குறைவு காணாத நர்ஸும் எந்தக் கோமாளிக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

முடிவாகச் சொல்லப் போனால், நகைச்சுவை நோயைக் குணப்படுத்தாது; நோய் பறித்துக்கொண்ட அதிகாரத்தில் ஒரு பகுதியைக் குழந்தையிடம் மீட்டுத் தரும். அதன் தகுதி அவ்வளவே, அதுவே போதுமானது. வலிக்கு மருந்து, அருகில் பெற்றோர், கேட்ட கேள்விக்கு உண்மையான விடை ஆகிய மூன்றும் முதலில் அமைந்து, அவற்றின் பின்னால் நான்காவதாக வரும் சிரிப்பே குழந்தைக்கு உதவும். அம்மூன்றும் இல்லாத இடத்தில் கோமாளியை அனுப்புவது குறையை மூடும் வித்தையாக முடியும். ஆஸ்பத்திரிகளை நிர்வகிப்போர் இவ்வரிசையைக் காப்பாற்றி, பயிற்சி பெற்ற கோமாளிகளையும் விளையாட்டுக்கு என்று ஓர் இடத்தையும் சிகிச்சையின் அங்கமாகவே கருதிச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்லத் தக்கது ஒன்றே: குழந்தையைச் சிரிக்க வைக்க முயலுமுன், அது எதற்குச் சிரிக்கிறது என்று பாருங்கள், அது சிரிக்கும் விஷயம் உங்களை அழவைப்பதாக இருந்தாலும் அதனோடு சேர்ந்து சிரியுங்கள்.